இடுப்பு மூட்டு வலிக்கு நரம்பு பிளாக்: யாராவது போட்டிருக்கிறீர்களா?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. எலும்பு டாக்டர் மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி என்கிறார். இதய டாக்டர் இப்போது கூடவே கூடாது என்கிறார். ஸ்டென்ட் வைத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, இதயத்தின் பம்பிங்கும் குறைவு. சுகர் வேறு இருக்கிறது.

மாத்திரையில் இனிமேல் போக வழியில்லை. டைக்ளோஃபெனாக் சாப்பிட்டுச் சாப்பிட்டு கிட்னி அளவைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிவிட்டது. டிராமடால் கொடுத்தால் வாந்தி, தலைசுற்றல். டோலோ பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி என்கிறார். ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அலறி எழுந்துவிடுகிறார்.

தஞ்சாவூரில் ஒரு வலி மருத்துவரைப் பார்த்தோம். "முதலில் நரம்பு பிளாக் போட்டுப் பார்க்கலாம், வலி குறைந்தால் ஆர்.எஃப். பண்ணலாம்" என்றார். கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இது என்ன ஊசி, எவ்வளவு நாள் தாங்கும், இந்த வயதில் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச் சீமை

போடாதீங்க சார். எங்கப்பாவுக்கு இதே இடுப்பு மூட்டுக்குத்தான் போட்டோம். காலையில் போட்டது, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வலி திரும்பிவிட்டது. பணம் போனதுதான் மிச்சம். கேட்டால் "அது டெஸ்ட்டுக்குப் போட்டது" என்று சமாளிக்கிறார்கள். டெஸ்ட்டுக்கு எதற்கு ஊசி?

பிசியோ திருச்சி

காவிரிக்கரை, ஒரே கேள்வி. எங்கே வலிக்கிறது என்று அம்மாவை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடை இடுக்கைக் காட்டுகிறாரா, பின்பக்கம் புட்டத்தைக் காட்டுகிறாரா, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைக் காட்டுகிறாரா? எதற்கு ஊசி போட வேண்டும் என்பதே இதில்தான் இருக்கிறது. இடுப்பு வலி என்று வருகிற பாதிப் பேருக்கு முதுகு எம்ஆர்ஐ எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், காலை மடக்கித் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காவிரிக்கரை

தொடை இடுக்குதான். சில நாள் முழங்காலுக்கு மேலே உள்பக்கம் வலிக்கிறது என்பார். புட்டத்திலும் கொஞ்சம் உண்டு. செருப்பு மாட்டுவது, காரில் ஏறுவது இரண்டும் அவருக்குப் பெரிய வேலை.

மயக்க ஊசி

நான் மயக்கவியல் மருத்துவர், வலி சிகிச்சையும் பார்க்கிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காததால் போடுங்கள், போடாதீர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இது என்ன என்று விளக்கலாம். நரம்புக்குப் பக்கத்தில் மரப்பு மருந்து விட்டு, அது வலியைக் கொண்டுபோவதைக் கொஞ்ச நேரம் தடுப்பதுதான் பிளாக்.

இடுப்பு மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. அந்த உறையின் முன்பக்கத்தில்தான் வலி உணரும் நரம்பு நுனிகள் அதிகம். முன்பக்கத்துக்குக் கிளைகள் தொடைத் தசைக்குப் போகும் ஃபெமோரல் நரம்பிலிருந்தும் ஆப்டுரேட்டர் நரம்பிலிருந்தும் வருகின்றன. சிலருக்குக் கூடுதலாக ஒரு துணை ஆப்டுரேட்டர் நரம்பும் இருக்கும். ஆப்டுரேட்டர் கீழே தொடையின் உள்பக்கத்துக்கும் முழங்காலுக்கும் போகிற நரம்பு. மூட்டு இடுப்பில் கெட்டிருந்தாலும் அம்மா முழங்காலைக் காட்டுவது அதனால்தான். பின்பக்க உறைக்கு வேறு நரம்புகள் இருக்கின்றன, முன்னால் போடும் ஊசி அங்கே போகாது.

பழைய முறையில் ஃபெமோரல் நரம்பையே மொத்தமாக மரத்துப்போக வைப்பார்கள். வலி போகும், கூடவே தொடைத் தசையும் சோர்ந்துவிடும், எழுந்து நின்றால் முழங்கால் மடங்கிக் கீழே விழுவார்கள். 2018-இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து ஒரு குழு, மூட்டுக்குப் போகும் சின்னக் கிளைகளை மட்டும் பிடிக்கும் ஒரு வழியை எழுதியது. பெங் பிளாக் என்கிறோம். முதலில் இடுப்பு எலும்பு முறிந்து வருகிற பெரியவர்களுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே, சோவாஸ் என்கிற இடுப்புத் தசையின் தசைநாணுக்கும் அதன் கீழே இருக்கும் எலும்புக்கும் நடுவில் மருந்தை விடுகிறோம். திரையில் அந்தத் தசைநாண் எலும்பை விட்டு லேசாக எழும்பும். அது எழும்பினால்தான் மருந்து சரியான இடத்தில் போகிறது என்று அர்த்தம். அருகிலேயே பெரிய ரத்தக் குழாய் துடித்துக்கொண்டிருக்கும், ஊசி முனையைக் கண்ணை விட்டு அகல விடக்கூடாது.

நெல்லைச் சீமை சார் கேட்டதுக்கு வருகிறேன். முதல் ஊசியில் பெரும்பாலும் வெறும் மரப்பு மருந்துதான் இருக்கும். லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், பியூபிவகெய்ன் என்றால் கூடுதலாகச் சில மணி நேரம். வீட்டில் ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றி எந்த அறைக்கு எந்த வயர் என்று பார்க்கிறோமே, அந்த வேலைதான் இது. உங்கள் அப்பா அன்றைக்கு ஊசி போட்ட பிறகு சாயங்காலம் வரை எப்படி இருந்தார்?

நெல்லைச் சீமை

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தார். காரிலிருந்து அவரே இறங்கினார், கையைப் பிடிக்க விடவில்லை. வாசல் படி மூன்றையும் ஏறிப்போய் ஈஸி சேரில் உட்கார்ந்து காபி கேட்டார். அதைப் பார்த்துத்தானே சார் சரியாகிவிட்டது என்று நம்பினோம்.

மயக்க ஊசி

அப்படியென்றால் அந்த ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. வலி மூட்டிலிருந்துதான் வருகிறது, இந்தக் கிளைகள் வழியாகத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டது. இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டார்களே, அதுதான் தப்பு. இரண்டு வரி சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கோபம் வந்திருக்காது. அதற்கடுத்த கட்டம்தான் ஆர்.எஃப்., ரேடியோ அலையால் சூடாக்கி அந்தக் கிளைகளைச் சுடுவது. அப்பா அதோடு நிறுத்திவிட்டாரா?

நெல்லைச் சீமை

ஆமாம், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நாட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். யோசிக்கிறேன்.

பவானி அக்கா

நான் ஆர்.எஃப். வரைக்கும் போனவள், சொல்கிறேன். எனக்கு 43 வயது. தேய்மானம் இல்லை, ஏ.வி.என். பந்து எலும்புக்கு ரத்தம் போகாமல் செத்துப்போவது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை வருஷக்கணக்கில் எடுத்ததால் வந்தது என்றார்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற வேலை, எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிளாக் போட்ட அன்றைக்கு வலி முக்கால்வாசி போனது, அதனால் ஆர்.எஃப்-க்குத் தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில்தான் செய்தார்கள், ஆனால் முழு மயக்கம் இல்லை. மல்லாந்து படுக்க வைத்து, நல்ல தொடையில் பெரிய ஸ்டிக்கர் மாதிரி ஒரு தகட்டை ஒட்டினார்கள். மேலே வளைவாக ஒரு எக்ஸ்ரே மெஷின். ஊசி உள்ளே போனதும் டாக்டர் "குறுகுறுவென்று தெரிந்தால் சொல்லுங்கம்மா" என்றார். தொடை இடுக்கின் ஆழத்தில், எனக்கு எப்போதும் வலிக்கிற அதே இடத்தில், கொசு ரீங்காரம் போடுகிற மாதிரி ஓர் அதிர்வு. அப்புறம் வேறு மாதிரி கரண்ட் கொடுத்து, கால் துடிக்கிறதா என்று நர்ஸ் தொடையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். துடித்தால் சுட மாட்டார்களாம், ஊசியைக் கொஞ்சம் நகர்த்துவார்களாம். எனக்கு ஒரு தடவை துடித்தது, நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு மரப்பு மருந்து விட்டுச் சுட்டார்கள். சுடுவது ஒன்றரை நிமிஷம், மெஷினில் எண் ஓடுகிறது. பக்கத்தில் இன்னொரு இடத்திலும் அதே மாதிரி.

வலி உடனே குறையவில்லை, அதை யாரும் எதிர்பார்க்காதீர்கள். முதல் இரண்டு வாரம் முன்னைவிட எரிச்சலாக இருந்தது, ஏன்டா போனோம் என்று தோன்றியது. அப்புறம்தான் இறங்கியது. ஆடியில் செய்தது, பங்குனி வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து ஈரோடு போய் வர முடிந்தது. தொடையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்த மாதிரி இருந்தது, அது தானாகப் போய்விட்டது. இப்போது வலி மெல்லத் திரும்புகிறது. மகள் பிளஸ் டூ முடிக்கட்டும் என்றுதான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன், அதற்கு இது போதுமானதாக இருந்தது. அடுத்தது மூட்டு மாற்றுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மயக்க ஊசி

பவானி அக்கா சொன்னதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. குறுகுறுப்பு வந்தது 50 ஹெர்ட்ஸ் சோதனை, கால் துடிக்கிறதா என்று பார்த்தது 2 ஹெர்ட்ஸ் சோதனை. சுடுவது வழக்கமாக 80 டிகிரி செல்சியஸ் அளவில். நரம்பு மறுபடி வளரும், அதனால்தான் வலி திரும்புகிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் என்று நாங்கள் சொல்வதும் அதனால்தான். தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம்.

லெஸ்டர்வாசி

இங்கே இங்கிலாந்தில் என் மாமியாருக்குப் போட்டது வேறு ஊசி, குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்கிறேன். அல்ட்ராசவுண்டு பார்த்து மூட்டுக்கு உள்ளேயே ஸ்டீராய்டும் லிக்னோகெய்னும் போட்டார்கள், நரம்புக்கு இல்லை. இங்கே வைத்திய வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மற்ற வைத்தியம் கேட்காதபோது இதைப் போடலாம், ஆனால் நிவாரணம் 2 முதல் 10 வாரம்தான் என்று நோயாளியிடம் சொல்லிவிடுங்கள் என்று இருக்கிறது. மாமியாருக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மூட்டு மாற்று வெயிட்டிங் லிஸ்ட் இங்கே நீளம் என்பதால் அந்த வாரங்களே பெரிது.

அதே வருஷம் பிஎம்ஜே மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்றும் வந்தது. 199 பேர். வெறும் ஆலோசனை பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறு மாதக் கணக்கில் வலி குறைவு, அதிலும் முதல் சில வாரங்களில்தான் நல்ல வித்தியாசம்.

கணக்கு வாத்தியார்

அந்த ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழுவும் உண்டே, அதை விட்டுவிட்டீர்களே தம்பி. லிக்னோகெய்ன் மட்டும் போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்கும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தென்படவில்லை. இரண்டு மணி நேரம் வேலை செய்யும் மருந்து எப்படி மாதக்கணக்கில் பலன் கொடுக்கும்? ஊசி போட்டோம் என்கிற நம்பிக்கையே பாதி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அதே நம்பிக்கை டாக்டர் சொல்லும் டெஸ்ட் பிளாக்கிலும் இருக்காதா? வலி பாதி குறைந்தது என்று நோயாளி சொல்வதை வைத்து நரம்பைச் சுடப் போகிறீர்கள்.

மயக்க ஊசி

வாத்தியார் சார், கேள்வி நியாயமானது, முழுக்க மறுக்க மாட்டேன். நம்பிக்கையின் பங்கு வலி வைத்தியம் எதிலும் உண்டு. அதனால்தான் சிலர் ஒரு தடவையோடு நிற்காமல், வெவ்வேறு நேரம் வேலை செய்யும் இரண்டு மருந்துகளை வெவ்வேறு நாளில் போட்டுப் பார்க்கிறார்கள். நிவாரணம் அந்தந்த மருந்தின் கால அளவை ஒட்டி வந்து போனால் நம்பிக்கையைவிட மருந்துக்குப் பங்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்தின் அளவும் முக்கியம். எலும்பு முறிவுக்கு 20 மில்லி விடுகிறோம். டெஸ்ட்டுக்கும் அவ்வளவு விட்டால் அக்கம்பக்கமெல்லாம் பரவி, எதனால் வலி போனது என்றே தெரியாமல் போகும், தொடையும் சோர்ந்துவிடலாம். சில மில்லியே போதும்.

இடுப்பு மூட்டு ஆர்.எஃப்-க்கு ஆதாரம் முழங்கால், முதுகு அளவுக்குச் சேரவில்லை என்பதும் உண்மை. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஆபரேஷன் செய்துகொள்ளக்கூடிய ஒருவர் வந்தால் நான் முதலில் இதைச் சொல்ல மாட்டேன். மூட்டு மாற்றுக்கு ஈடான வைத்தியம் இதற்கு வேறு இல்லை. காவிரிக்கரையின் அம்மா மாதிரி ஆபரேஷனும் கூடாது, மாத்திரையும் கூடாது என்று மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்த வழி. இது புது யோசனையும் இல்லை. மூட்டு மாற்று பரவலாக வருவதற்கு முன்னால், இந்த வலிக்காக ஆப்டுரேட்டர் நரம்பையே கத்தி வைத்து அறுத்துவிடும் ஆபரேஷன் இருந்தது. இப்போது ஊசி முனையில் செய்கிறோம்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், இன்னும் மூன்று சந்தேகம். ரத்தம் உறையாமல் இருக்க அம்மா ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், ஊசிக்காக நிறுத்த வேண்டுமா? சுகர் ஏறுமா? மூன்றாவது என் அக்காவின் கேள்வி: வலியே தெரியாமல் அம்மா பாட்டுக்கு நடந்தால் மூட்டு இன்னும் வேகமாகத் தேய்ந்து போகாதா?

மயக்க ஊசி

ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாதவர் அந்த மாத்திரைகளை யார் சொன்னாலும் தானாக நிறுத்தவே கூடாது. ஊசி போடுபவரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். நீங்கள் நடுவில் நின்று வாய்மொழியாகத் தூது போகாதீர்கள், எழுதி வாங்குங்கள். வெறும் மரப்பு மருந்தால் சுகர் ஏறாது. ஸ்டீராய்டு சேர்த்தால் சில நாள் ஏறும், அதனால் என்ன கலக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஆர்.எஃப்-க்கு முன்னால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அக்கா கேட்டது நல்ல கேள்வி. நாங்கள் தொடுவது முன்பக்கக் கிளைகளை மட்டும். பின்பக்க உணர்வும் தசைகளின் உணர்வும் அப்படியே இருக்கும், மூட்டு முழுக்க மரத்துப்போவதில்லை. எனக்குப் பெரிய கவலை மூட்டுக்குள் ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போடுவதில்தான். சிலருக்கு அதற்குப் பிறகு மூட்டு வேகமாகச் சிதைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று, மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டு மூன்று மாதம் ஆகாமல் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும் என்பதால் எலும்பு டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். பின்னால் ஆபரேஷன் நடக்கலாம் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊசி போடும்போது கையில் ஐ.வி. லைன் இருக்க வேண்டும், மானிட்டர் ஓட வேண்டும். வாயில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல் என்று ஏதாவது வந்தால் அம்மா உடனே சொல்ல வேண்டும். மருந்து ரத்தத்தில் கலந்ததற்கு அடையாளம் அது. அதை முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அந்த அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பிசியோ திருச்சி

போட்ட அன்றைக்கு யாராவது கூடவே இருக்க வேண்டும், கால் சோரலாம். ஆனால் படுக்கையிலேயே வைத்துவிடாதீர்கள். வழக்கமாக எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்யச் சொல்லுங்கள்: செருப்பு மாட்டுவது, நாற்காலியிலிருந்து எழுவது, பாத்ரூம் வரை நடப்பது. மணிக்கு ஒரு முறை வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள். மறுநாள் "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டால் நினைவிலிருந்து சொல்வது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அம்மா தடி எந்தக் கையில் பிடிக்கிறார்? வலது இடுப்பு என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது கால் வைக்கும்போது தடியும் கூடவே ஊன்ற வேண்டும். மூட்டில் விழும் பளு நன்றாகக் குறையும். நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் சீட்டை உயர்த்தும் வளையம் மெடிக்கல் கடையில் கிடைக்கும், இன்றைக்கே வாங்குங்கள்.

காவிரிக்கரை

தடி வலது கையில்தான் இருந்தது! மாற்றிவிட்டோம். முதலில் "எனக்குப் பழக்கமில்லை" என்று சண்டை, இப்போது அவரே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

பிளாக் போட்டாயிற்று. இதய டாக்டர் எழுதிக் கொடுத்தார், மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. அக்கா நோட்டில் எழுதியதை அப்படியே போடுகிறேன். போடுவதற்கு முன் நடக்கும்போது 8. பகல் 11 மணிக்கு ஊசி. 11.30-க்கு 3. 12.30-க்கு 2, செருப்பு தானாக மாட்டினார். 2 மணிக்கு 2. 4 மணிக்கு 4. 7 மணிக்கு 6. மறுநாள் காலை பழையபடி 8. தொடை இடுக்கில் வலியே இல்லை, புட்டத்தில் மட்டும் லேசாக இருக்கிறது என்று அன்று முழுக்கச் சொன்னார். கால் சோரவில்லை.

மயக்க ஊசி

மிச்சமிருந்த புட்டத்து வலி பின்பக்க நரம்புகளுடையது, இந்த ஊசி அதைத் தொடாது என்று முதலிலேயே சொன்னேன். 8 வந்து 2 ஆனது, மருந்து தேயத் தேயத் திரும்பியது. பாதிக்கு மேல் குறைந்தால்தான் ஆர்.எஃப். பற்றிப் பேசுவோம், இங்கே அது தாராளமாக வந்திருக்கிறது. அந்த நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். ஆர்.எஃப். பலன் கொடுத்தால் அந்த மாதங்களில் பிசியோ சொல்லும் தொடைத் தசைப் பயிற்சியை ஆரம்பித்துவிடுங்கள். இதயம் ஓரளவு தேறி ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தால் அப்போது அது உதவும்.

கணக்கு வாத்தியார்

நோட்டு போட்டது நல்ல வேலை. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் இந்த எண்களைப் பார்த்தால் நானும் அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்வேன்.

லாரிக்காரன்

அண்ணே, எனக்கும் இதே இடுப்பு பிரச்சினைதான். நாமக்கல்லிலிருந்து லைன் ஓட்டுகிறேன், 36 வயது. தொடைக்கு வெளிப்பக்கம் தீயை வைத்த மாதிரி எரிகிறது, லுங்கி பட்டாலே கூசுகிறது. நடந்தால் வலி இல்லை, ரொம்ப நேரம் உட்கார்ந்தால்தான். எனக்கும் இந்த பெங் ஊசி போடலாமா?

பிசியோ திருச்சி

தம்பி, உங்களுடையது மூட்டு மாதிரித் தெரியவில்லை. வெளித்தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இடுப்பு எலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில் நுழைந்து வருகிறது. இறுக்கமான பெல்ட், தொப்பை, நீண்ட நேரம் உட்கார்வது எல்லாம் அதை நசுக்கும். பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்துங்கள், பாக்கெட்டில் கனமாக எதையும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். சில வாரம் பார்த்துக் குறையாவிட்டால் நரம்பு டாக்டரைப் பாருங்கள். சுகர் டெஸ்ட்டும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

மயக்க ஊசி

அதேதான். அதற்கும் பிளாக் உண்டு, ஆனால் வேறு நரம்பு, வேறு இடம், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். முதலில் பெல்ட். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது முதுகுத்தண்டு சமாச்சாரமாக இருக்கலாம்.

லாரிக்காரன்

சரிண்ணே, பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். சுகர் டெஸ்ட் ஊருக்குப் போனதும் எடுக்கிறேன்.